உங்களுக்குத் தெரியுமா? பத்தே முக்கால் கோடியும் வராத சிக்ஸரும்

பேஸ்பாலில் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவதற்கென்றே பெருந்தொகை பெறும் அதிரடி ஆட்டக்காரர்களுக்கு நிகரானவர்கள், ஏலத்தின் வழி அணிகள் வீரர்களை எடுக்கும் ஐ.பி.எல். கிரிக்கெட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிளென் மேக்ஸ்வெல்லைப் பஞ்சாப் அணி 10.75 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தும், 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த தொடரின் 13 ஆட்டங்களில் அவர் 108 ஓட்டங்களே சேர்த்தார். தரையில் படாமல் எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்துக்கு ஆறு ஓட்டம் தரும் சிக்ஸர் ஒன்றுகூட அவர் மட்டையிலிருந்து வரவில்லை என்பதே இதில் மிகவும் வியப்புக்குரியது. பஞ்சாப் அவரை விடுவித்தது.

சென்னையில்தான் அவரது நிலை மாறியது. 2021 பிப்ரவரியில் அங்கு நடைபெற்ற ஏலத்தில், முந்தைய தொகையினும் கூடுதலாக 14.25 கோடி ரூபாய் கொடுத்துப் பெங்களூரு அணி அவரை எடுத்தது. ஏப்ரல் 9 அன்று சேப்பாக்கம் மைதானத்தில் மும்பை அணிக்கு எதிரான தொடக்க ஆட்டத்திலேயே, அமீரகத்தில் ஒரு தொடர் முழுவதும் கைகூடாத சிக்ஸரை அடித்த அவர், அவ்வாண்டு 513 ஓட்டங்கள் குவித்தார்.