காரணம் தெரியாத நோயும் கூட்டு முதலும்

புல்மோட்டையில் கடை வைத்திருப்பவனுக்கு மூன்று பக்கத்திலிருந்தும் வாடிக்கையாளர் வருகிறார்கள். கடற்பக்கமிருந்து மீனவர்கள், கனிய மணல் தொழிற்சாலைப் பக்கமிருந்து தொழிலாளர்கள், மேற்கே பதவியா வீதியால் வரும் விவசாயிகள். மீன், மணல், நெல் ஆகிய இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நமது கல்லாப்பெட்டி. மூன்றுக்கும் அடியில் இருப்பவை தண்ணீரும் மண்ணும். அவற்றின் மீது ஒரு சந்தேகம் எழுந்தால் முதல் அடி மனிதனின் உடம்பில் விழுகிறது. இரண்டாவது அடி வியாபாரத்தில் விழுகிறது.

சுற்றாடலால் வரும் நோய்களை ஆராய்வதற்கு யார் பணம் கொடுப்பது, எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன். இது பல்கலைக்கழகத்துக்குள் பேச வேண்டிய விடயம், வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று சில சகோதரர்கள் கேட்கக் கூடும். வேலை இருக்கிறது. ஆராய்ச்சிக்கு உரிய நேரத்தில், உரிய முறையில் செலவிடப்படாத பணத்தை நாம் வேறு வழியில், பல மடங்காகச் செலுத்தியிருக்கிறோம்.

பக்கத்து ஊரின் நோய்

1990களில் வடமத்திய மாகாணத்தில், குறிப்பாக மதவாச்சி, பதவியா பகுதிகளில், டாக்டர்மார் ஒரு புதுமையைக் கவனித்தார்கள். சீனி வருத்தமும் இல்லை, நீண்டகால இரத்த அழுத்தமும் இல்லை, ஆனால் வயலில் உழைக்கும் மனிதர்களின் சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டு வந்தன. ஆரம்பத்தில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. தெரிய வரும்போது நோய் முற்றியிருக்கும். அதன் பிறகு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் ஆஸ்பத்திரிப் பயணமும்தான் வாழ்க்கை. காரணம் பிடிபடாததால் ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நமது திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுரவும் இந்த நோய் கண்ட பிரதேசங்களில் ஒன்று. அங்குள்ள விவசாயிகள் நமது சந்தைக்கு வருகிறவர்கள்.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. நிலவியல் படித்தவர்கள் கிணற்று நீரின் புளோரைட்டையும் கடினத் தன்மையையும் பார்த்தார்கள். இரசாயனவியல் படித்தவர்கள் கட்மியம், ஆசனிக் போன்ற உலோகங்களைத் தேடினார்கள். விவசாயத் துறையினர் பசளையையும் கிருமிநாசினியையும் பார்த்தார்கள். தொழில்சார் மருத்துவம் தெரிந்தவர்கள் கடும் வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் உழைப்பதைச் சந்தேகித்தார்கள். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது.

ஆனால் நமது பாஷையில் சொன்னால், ஒருவரிடம் தராசு, இன்னொருவரிடம் கொத்து, மற்றவரிடம் முழக்கோல். ஒரே சரக்கை மூவரும் சேர்ந்து அளந்தால் கணக்குச் சரிவரும். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு சரக்கை அளந்துவிட்டு வந்தால் மூன்று பேரேடுகளையும் ஒருபோதும் ஒப்புப் பார்க்க முடியாது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆய்வு மானியம் கிடைத்தால் இதுதான் நடக்கும்.

இதை உணர்ந்துதான் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆதரவோடு ஒரு தேசிய ஆய்வுத் திட்டத்தை நடத்தின. அதன் முடிவுகள் 2013 இல் வெளிவந்தன. அந்த ஆய்வு ஒரே ஒரு குற்றவாளியைக் கைகாட்டவில்லை. குறைந்த அளவில் நீண்டகாலமாக உடம்பில் சேரும் கட்மியத்தையும் கிருமிநாசினிகளையும் அது முக்கியமாகக் குறிப்பிட்டது. பல காரணங்கள் சேர்ந்த நோய் என்ற எண்ணமே மிஞ்சியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நோய் முதலில் கண்ணில் பட்டதற்கும் இந்த முடிவுகளுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது வருடங்கள் போய்விட்டன.

சந்தேகத்துக்கு நாம் கொடுத்த விலை

இந்த இடைவெளியில் சந்தை சும்மா இருக்குமா? 2011 இல் அரிசியிலும் நீரிலும் ஆசனிக் இருப்பதாக ஒரு பல்கலைக்கழகக் குழு கூறியது. வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரு தரப்பும் பத்திரிகையில் வாதாட, அரிசி வாங்க வந்தவர்கள் குழம்பினார்கள்.

2014 இன் ஆரம்பத்தில் கிளைபோசேட் என்ற களைகொல்லியையும் கடின நீரையும் உலோகங்களையும் இணைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அது ஒரு கருதுகோள். அதாவது, இப்படியும் இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்ற யோசனை. சோதனை முடியும் முன்னரே அரசியல் முந்திக்கொண்டது. 2015 இல் கிளைபோசேட் இறக்குமதி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2022 ஓகஸ்டில் தடை முற்றாக நீக்கப்பட்டது. தடை சரியா, நீக்கம் சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் விஞ்ஞானி அல்ல. ஆனால் போடும்போதும் எடுக்கும்போதும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு கணக்கு மேசையில் இருக்கவில்லை என்பதை ஒரு வியாபாரி என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

அதைவிடப் பெரிய அடி 2021 இல் வந்தது. இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. சொல்லப்பட்ட நியாயங்களில் மக்களின் சுகாதாரமும் இந்தச் சிறுநீரக நோயும் இருந்தன. அந்த வருடம் நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆனால் பெரும்போகம் கெட்டுவிட்டது. அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. விவசாயிக்குக் கடன் கொடுத்த கடைக்காரன், நெல்லை நம்பியிருந்த ஆலைக்காரன், லொறிக்காரன் என்று எல்லோருடைய கொப்பியிலும் அந்தப் போகம் சிவப்பு மையில்தான் எழுதப்பட்டது.

இலங்கை தனது மொத்தத் தேசிய உற்பத்தியில் ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது ஏறக்குறைய 0.1 வீதமே. ஆராய்ச்சிக்குச் சிக்கனம் பிடித்து, தவறான முடிவுக்குத் தாராளமாகச் செலவு செய்யும் கடை எத்தனை நாளைக்கு ஓடும்?

கேரளக் கரை சொல்லும் பாடம்

நமது கரையைப் போன்ற ஒரு கரை கேரளத்தில் இருக்கிறது. கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளி. சவரா, நீண்டகரை கடற்கரை மணலில் நமது மணலைப் போலவே இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் இருக்கின்றன. கூடவே மொனசைட்டும் இருக்கிறது. மொனசைட்டில் தோரியம் என்ற கதிர்வீச்சுள்ள மூலகம் உண்டு. புல்மோட்டை மணலிலும் மொனசைட் மிகச் சிறு பங்காக இருக்கிறது. எனவே கேரளத்து மக்களுக்கு வந்த கேள்வி நமக்கும் வரக்கூடிய கேள்வி: இந்த மண்ணில் பிறந்து, இதிலேயே வாழ்ந்தால் புற்றுநோய் கூடுமா?

அதை அவர்கள் ஊர்ப்பேச்சுக்கு விடவில்லை. 1990 இல் திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலையம், இந்திய அணுசக்தித் திணைக்களத்தின் நிதியோடு அங்கே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. பின்னர் ஜப்பானிய ஆய்வாளர்களும் கைகோத்தார்கள். பிரதேசத்தின் 385,103 பேரின் விபரங்களும் திரட்டப்பட்டன. ஒரு குழு வீடு வீடாகச் சென்று பழக்கவழக்கங்களை விசாரித்தது. பௌதிகவியல் தெரிந்தவர்கள் கருவியோடு வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்தார்கள். கரையோரத்தில் சில இடங்களில் அது வருடத்துக்கு 70 மில்லிகிரே என்ற அளவு வரை இருந்தது. டாக்டர்மார் புற்றுநோயாளிகளைப் பதிந்தார்கள். புள்ளிவிபரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் சேர்த்தார்கள்.

2009 இல் முடிவு வெளிவந்தது. 30 முதல் 84 வயது வரையான 69,958 பேரை 2005 இறுதி வரை தொடர்ந்ததில் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. ஆனால் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியதாகத் தெரியவில்லை.

இந்த முடிவை அப்படியே தூக்கி வந்து நமது ஊரில் ஒட்ட முடியாது. அவர்களுடைய மண் வேறு, உணவு வேறு, தொழில் வேறு. ஆனால் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். இன்று கருநாகப்பள்ளியில் ஒருவர் பயம் காட்டினாலும், இன்னொருவர் ஒன்றுமேயில்லை என்று மழுப்பினாலும், எடுத்துக் காட்ட அங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

கொடுப்பவர் கையில் கணக்கு இருக்கக் கூடாது

அடுத்த கேள்வி, பணம் கொடுப்பவர் முடிவையும் வாங்கிவிட மாட்டாரா என்பது. நியாயமான கேள்வி. இதற்கு நிக்கரகுவா நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கும் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இதே போன்ற சிறுநீரக நோய் வந்தது. உலக வங்கிக் குழுமத்திடம் கடன் பெற்றிருந்த ஒரு சீனிக் கம்பனிக்கு எதிராக 2008 இல் முன்னாள் தொழிலாளர்கள் அந்தக் குழுமத்தின் முறைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். வழக்காடிக் காலத்தைக் கடத்தாமல் இரு தரப்பும் ஒரு மேசையில் அமர்ந்தன. ஆராய்வது யார் என்பதைக் கம்பனியும் தொழிலாளரும் சேர்ந்தே தீர்மானித்து, அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தார்கள். நோயின் முழுக் காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும் வெயிலில் கடும் உழைப்பு என்ற சந்தேகம் வலுத்ததால், தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் தொழிலாளருக்குக் கொடுக்கும் வேலைத்திட்டங்கள் பின்னர் அங்கே தொடங்கின. ஆய்வு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கும் இது உதாரணம்.

அமெரிக்காவிலும் நச்சுக் கழிவு கொட்டப்பட்ட இடங்களை ஆராய 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு மானியத் திட்டம் உருவானது. அதில் மருத்துவத் துறை மட்டும் விண்ணப்பித்தால் போதாது. மண்ணையும் நீரையும் அறிந்த விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் அதே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். கூட்டு வியாபாரம் போல: பங்காளிகள் சேர்ந்து வந்தால்தான் முதல் கிடைக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

இஸ்லாமிய வரலாற்றில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பக்தாதில் ஆஸ்பத்திரி கட்ட இடம் தேடியபோது மருத்துவ மேதை அர்ராஸி நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே தாமதமாக அழுகியதோ அந்த இடத்தைத் தெரிவு செய்தாராம். காசைக் கொட்டுமுன் காற்றைச் சோதித்தார். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத் நமக்குப் படிப்பிக்கும் ஒழுக்கம். வதந்தியை விசாரிக்கும் வழிதான் ஆராய்ச்சி.

நமது வர்த்தகர் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவது, பல்கலைக்கழகங்களை நாமே அழைக்க வேண்டும். திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. பேராதனையில் நீர் பற்றிய ஆய்வில் அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். தேசிய விஞ்ஞான மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் கிணறுகளைக் காட்டவும், வீடுகளைத் திறக்கவும், ஊரார் ஒத்துழைப்பார்கள் என்று கடிதம் கொடுக்கவும் நம்மால்தான் முடியும்.

இரண்டாவது, நம்மிடம் இருக்கும் கணக்கைக் கொடுக்க வேண்டும். எந்த வருடம் எந்தப் பசளை, எந்தக் கிருமிநாசினி எவ்வளவு விற்றது என்பது பழைய பற்றுச்சீட்டுகளில் இருக்கிறது. நமக்கு அது குப்பை. ஆய்வாளருக்கு அது பொன்.

மூன்றாவது, பணம். பெரிய தொகை தேவையில்லை. ஒரு பருவத்துக்குக் கிணறுகளின் நீரைச் சோதிக்கும் செலவைப் பலர் சேர்ந்து ஏற்கலாம். ஸகாத் பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஸதகாவாகக் கொடுப்பதில் அந்தக் கேள்வி இல்லை. மணலால் வருமானம் பெறும் அரச நிறுவனமும் அந்த வருமானத்தில் ஒரு சிறு வீதத்தை இந்தக் கரையின் சுகாதார ஆய்வுக்கு ஒதுக்க வேண்டுமென நாம் கூட்டாகக் கோரலாம்.

நான்காவது, எவர் கொடுத்தாலும் நிபந்தனையை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். டாக்டர், நீர் விஞ்ஞானி, மண் விஞ்ஞானி, விவசாய அதிகாரி ஆகியோர் ஒரே கிராமங்களில், ஒரே காலத்தில் வேலை செய்ய வேண்டும். முடிவு நமக்குச் சாதகமோ பாதகமோ, தமிழிலும் சிங்களத்திலும் ஊராருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். கொடுத்தவர் எவரும் அதை மறைக்கவோ திருத்தவோ கூடாது. பதவிசிறிபுரவின் சிங்கள விவசாயியும் புல்மோட்டையின் முஸ்லிம் மீனவனும் அந்தப் பேரேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். நோய் இனம் பார்த்து வருவதில்லை.

முடிவு பாதகமாக வந்தால் வியாபாரம் கெடும் என்று பயப்படும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. சரக்கில் பழுது இருந்தால் அதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது நமது மார்க்கம் விதித்த வியாபார ஒழுங்கு. தண்ணீரும் அப்படித்தான். பழுது எங்கே என்று தெரிந்தால் அந்தக் கிணற்றை மூடலாம், வேறு நீர் கொண்டு வரலாம், மற்றக் கிணறுகளை நம்பிக் குடிக்கலாம். தெரியாவிட்டால் எல்லாக் கிணறும் சந்தேகத்துக்குரியதுதான். எந்த வருடமும் இன்னொரு வர்த்தமானி வரலாம். அடுத்த போகம் தொடங்குமுன் வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு கடிதத்தோடு தொடங்கலாம்.