அமைதியான ஏரிகளில் துடுப்புப் படகுப் பயணங்களைப் படமெடுத்தல்

கேனோ, கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில் அலையற்ற ஏரிகளில் செல்வோரை ஒளிப்படமாகப் பதிவு செய்வது, இயற்கை ஒளிப்படக் கலைக்கும் விளையாட்டு ஒளிப்படக் கலைக்கும் இடைப்பட்ட ஒரு பிரிவாகும். விளையாட்டுப் படத்தில் ஆள் முக்கியம், இயற்கைப் படத்தில் இடம் முக்கியம். இங்கே இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நீர்ப்பரப்பே படத்தைத் தீர்மானிக்கிறது. தாம்பரம், மேடவாக்கம், வண்டலூர் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் இருப்போர் இதை எங்கே, எப்படிப் பழகலாம் என்பதையும், அதன் பின்னால் உள்ள எளிய இயற்பியலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கேனோவும் கயாக்கும்

இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். கயாக்கில் செல்பவர் கால்களை முன்னே நீட்டித் தாழ்வாக அமர்ந்து, இரு முனைகளிலும் தகடு உள்ள துடுப்பை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வலிப்பார். கேனோ மேலே திறந்தது. அதில் மண்டியிட்டோ சற்று உயரமான இருக்கையில் அமர்ந்தோ ஒற்றைத் தகடு கொண்ட துடுப்பால் வலிப்பார்கள். நம் ஊர் வள்ளமும் ஓடமும் அமைப்பில் கேனோவுக்கே நெருக்கமானவை. கயாக் ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகிலிருந்து வந்தது. 1936 முதல் இரண்டும் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்று வருகின்றன.

இந்த வேறுபாடு படமெடுப்பவருக்கும் தேவையானது. கயாக்கில் அமர்ந்தவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். படகுத்துறையில் நிற்பவரின் கண்ணோ இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரே ஏரியை ஒரே நேரத்தில் எடுத்த இரு படங்கள் வெவ்வேறு ஏரிகள்போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நீர் ஏன் கண்ணாடியாகிறது

நீரை நேர் மேலிருந்து பார்த்தால் அதன் மேற்பரப்பு ஒளியில் சுமார் 2 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும், மீதி உள்ளே சென்றுவிடும். அதனால்தான் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. பார்வை நீர்மட்டத்தை ஒட்டிச் சாயச் சாய எதிரொளிப்பு கூடுகிறது. இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து 9 மீட்டர் தொலைவில் உள்ள நீரைப் பார்த்தால் பார்வைக் கோடு நீர்ப்பரப்புடன் சுமார் 15 பாகை கோணம் அமைக்கும். அப்போது எதிரொளிப்பு 21 விழுக்காடு அளவில் இருக்கும். அதே இடத்தைக் கயாக்கில் அமர்ந்து பார்த்தால் கோணம் 5 பாகையாகக் குறைந்து, எதிரொளிப்பு 58 விழுக்காட்டை எட்டும். எதிர்க்கரை மரமும் மலைச்சரிவும் நீரில் தெளிவாக விழுவது இதனால்தான். கருவியை இன்னும் தாழ்த்தி, படகின் விளிம்பை ஒட்டிப் பிடித்தால் பிம்பம் மேலும் அழுத்தமாகும்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. நீர்நிலை என்றதும் போலரைசர் வடிகட்டியை மாட்டச் சொல்வோர் அதிகம். அது நீரின் பளபளப்பைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அமைதியான ஏரியில் அந்தப் பளபளப்புத்தான் நமக்கு வேண்டிய பிம்பம். அதைத் துடைத்துவிட்டு எதைப் படமெடுப்பது? அதோடு ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு நிறுத்தங்கள் வரை வடிகட்டி குடித்துவிடும். ஆடும் படகில் இருந்து எடுக்கும்போது அந்த இழப்பைத் தாங்க முடியாது. கரையோர ஆழமற்ற நீரில் பாசியையும் மீனையும் காட்ட வேண்டுமானால் மட்டும் அதை மாட்டலாம்.

பிம்பம் எப்போதும் அசலைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படத்தைத் திருத்தும்போது பிம்பத்தை அசலைவிடப் பிரகாசமாக்கினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ பொய் என்று உறுத்தும்.

முட்டுக்காடு

தாம்பரத்துக்கு அருகில் படகேறிப் பழகக்கூடிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இங்கு 1984 முதல் இயங்குகிறது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வந்து, கோவளம் வழியாக வடக்கே திரும்பினால் அடைந்துவிடலாம். இது ஏரியன்று, கடலோடு தொடர்புடைய உப்பங்கழி. ஆனாலும் நம் ஏரிகளுக்கும் அதற்கும் உறவுண்டு. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டு முகத்துவாரத்தை நோக்கிப் போகும்.

படகு இல்லங்கள் பொதுவாகக் காலை 9 மணியையொட்டித்தான் திறக்கின்றன. நீர் கண்ணாடியாக இருக்கும் விடியற்காலையில் படகு கிடைக்காது. எனவே திறந்தவுடன் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரத்தை விடக் கூடாது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து நீரைக் கலைத்துவிடும். மாலையில் பிம்பத்தை எதிர்பார்க்காமல் வேறு வகைப் படத்துக்குத் தயாராகலாம். கழிமுகத்தின் மேற்கே சூரியன் இறங்கும்போது, சிற்றலைகளில் ஒளி சிதறிப் பொன்னிறத் தடம்போல நீளும். அதில் குறுக்கே வரும் கயாக் கரிய நிழலுருவாகப் பதியும். துடுப்பு ஒரு பக்கம் மேலே உயர்ந்து நிற்கும் கணத்தில் எடுத்தால்தான் அது கயாக் என்று தெரியும். துடுப்பு உடலோடு ஒட்டிய கணத்தில் எடுத்தால் நீரில் மிதக்கும் மரக்கட்டைக்கும் அதற்கும் வேறுபாடு இருக்காது.

மலை ஏரிகள்

தாம்பரத்தில் இரவு மதுரை செல்லும் ரயிலேறினால் விடிவதற்குள் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கலாம். மேலே ஏற இன்னும் 80 கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது. 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் ஏரி, 1863-இல் வீர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் உருவாக்கப்பட்டது. உதகை ஏரியும் இயற்கையானதன்று, 1820-களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் அமைத்தது.

இந்த ஏரிகளில் பெரும்பாலும் கிடைப்பவை வலிபடகும் மிதிபடகும்தான். வலிபடகில் ஒரு வசதி உண்டு. வலிப்பவர் செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். பின்பக்கம் அமர்ந்திருக்கும் உங்களுக்கு அவர் முகம் நேராகக் கிடைக்கும். கயாக்கில் இருப்பவரோ முன்னோக்கியே அமர்கிறார். ஒரே படகில் அவர் பின்னால் இருந்தால் முதுகுதான் கிடைக்கும், முன்னால் இருந்துகொண்டு திரும்பினால் படகு சாயும். ஆகவே இன்னொரு படகில் அவருக்குச் சற்று முன்னே, பக்கவாட்டில் நின்று எடுப்பதே வழி.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் சாலை உள்ளது. விடியலில் நீரின்மேல் மூடுபனி ஆவிபோல எழும்போது அதில் நடந்தால், கட்டிவைத்த படகுகளையாவது எடுக்கலாம். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெண்பனி நிறைந்த காட்சியைக் கருவி அதிக வெளிச்சம் என்று எண்ணி இருட்டாக்கிவிடும், பனி சாம்பல் நிறமாகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு நிறுத்தம் வரை கூட்டினால் வெண்மை திரும்பும். கைபேசியிலும் திரையைத் தொட்டு மேலே இழுத்தால் இதைச் செய்யலாம். பகலில் சரிவுகள் சூடேறிப் பள்ளத்தாக்குக் காற்று மேலெழத் தொடங்கியதும் நீர் கலைந்துவிடும்.

துடுப்பிலிருந்து தெறிக்கும் துளிகளை உறையச் செய்ய ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும். நிதானமாகச் செல்லும் படகுக்கு 1/250 போதும், ஆனால் நீங்களும் ஆடும் படகில் இருந்தால் 1/500-க்குக் கீழே போகாதீர்கள். படகின் பின்னே விரியும் அலைத்தடத்தையும் பயன்படுத்தலாம். ஆழமான நீரில் அது இருபுறமும் ஏறத்தாழ 19.5 பாகையில் விரியும், படகு மெதுவாகச் சென்றாலும் விரைந்து சென்றாலும் பெரும்பாலும் இதே கோணம்தான். 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு இதை விளக்கினார். இந்த ஆப்பு வடிவம் பார்வையைத் தானே படகை நோக்கி இழுத்துச் செல்லும். உங்கள் சொந்தப் படகின் அலை பிம்பத்தைக் கெடுக்காமலிருக்க, ஒரு நிமிடம் முன்பே துடுப்பை நிறுத்திக் காத்திருங்கள்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் கர்ட்டிஸ் 1910-இல் எடுத்த குட்டெனாய் வேட்டைக்காரரின் படத்தை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நாணல் ஓரம் ஒரு கேனோ, அசையாத நீர், ஓர் ஆள். கனமான கண்ணாடித் தகடுகளைச் சுமந்து திரிந்த காலத்தில் எடுத்தது அது.

பாதுகாப்பு

படமெடுப்பவரின் கையில் துடுப்பு இருக்காது, கவனமும் நீரில் இருக்காது. படகில் உள்ளோரில் அதிக ஆபத்துக்கு உள்ளாகுபவர் அவரே. லைஃப் ஜாக்கெட் படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றுவதும், பிறரைக் கழற்றச் சொல்வதும் நடக்கிறது. பசுமையான பின்னணியில் அந்தச் செம்மஞ்சள் நிறம்தான் படத்துக்கு உயிர் என்பது என் கருத்து. அது எப்படியிருந்தாலும், கழற்றக் கூடாது. கருவியின் வாரைக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் மிதக்கும் வாராகக் கட்ட வேண்டும். படகு கவிழ்ந்தால் கழுத்து வார் எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

கைபேசியின் ஐபி68 என்ற குறியை நம்பி உப்பங்கழியில் நனைக்க வேண்டாம். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்புநீர் பட்டால் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர வைக்க வேண்டும்.

சேலையூர், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை போன்ற புறநகர் ஏரிகளில் சொந்தமாக வாங்கிய காற்றடைத்த கயாக்கை இறக்கும் எண்ணம் சிலருக்கு வரலாம். மண்ணெடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்தபின் வெளியே தெரியாது, மீட்பவரும் அருகில் இருக்க மாட்டார். அந்த ஏரிகளைக் கரையிலிருந்தே எடுக்கலாம். கரையில் குத்துக்காலிட்டு அமர்ந்தால் கயாக்கின் பார்வை உயரம் கிடைத்துவிடும், பிம்பம் பழக அது போதும். டிரோன் பறக்கவிட எண்ணுவோர், தாம்பரம் விமானப்படை நிலையமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் அருகில் இருப்பதால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தடை மண்டலங்களை முதலில் பார்க்க வேண்டும்.

2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையில் படகுக்கு இடமில்லை. பூநாரை, கூழைக்கடா போன்றவற்றைச் சாலையோரத்திலிருந்தே நீள் லென்ஸில் எடுக்க வேண்டும். படகு அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் கயாக் ஓசையின்றி நெருங்குவதால் பறவை கடைசி நொடியில்தான் திடுக்கிடும். மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்வதை விட்டுக் கழுத்தை நிமிர்த்தினால் அதுவே எல்லை. அங்கேயே துடுப்பை நிறுத்தி, நேராகப் பின்வாங்காமல் மெல்லப் பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும்.