ரப்பர் பாலும் கூழ்ம வேதியியலும்

ஒரு பொருள் நுண்ணிய துகள்களாகச் சிதறி, கரையாமலும் அடியில் படியாமலும் மற்றொரு பொருளினுள் நிலைத்திருக்குமாயின், அக்கலவை கூழ்மம் எனப்படும். தாமஸ் கிரஹாம் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலார் 1861-ஆம் ஆண்டில் இவ்வகைப் பொருள்களை இனங்கண்டு பெயரிட்டார். மலாயாத் தோட்டப்புறத் தமிழர் தலைமுறைகளாக வாளியில் சுமந்த ரப்பர் பால் இதற்குச் சிறந்த சான்றாகும்.

அப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர்; எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பரோ நீரில் கரையாதது. எனினும் பால் வெண்ணிறம் மாறாமல் ஒரே சீராக ஓடுகிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்வைபோல் மூடியிருப்பதே இதன் காரணம். எதிர்மின்னேற்றம் கொண்ட அப்போர்வைகள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளை நீரோடு இணக்கி வைப்பதும் புரதமே. இத்தகைய பொருளைப் பால்மமாக்கி என்பர்.

தொழிலாளியின் கூலி இம்மின்னேற்றத்தைச் சார்ந்திருந்தது. மங்கில் வடிந்த பாலில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும். அமிலம் மின்னேற்றத்தைச் சமன்செய்யும். துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டிப்பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் விலை குறைவு. ஆகவே, வெயில் ஏறுமுன் பால் நிறுவைக்கு வந்தாக வேண்டும். மங்கைத் துடைத்து வைக்கும்படி கங்காணியார் கடிந்துகொண்டதிலும் வேதியியல் நியாயம் இருந்தது. அவர் அதை அறிந்து சொன்னாரா என்பது வேறு. தோட்ட வரலாற்றை எழுதுவோர் இவ்வனுபவ அறிவை வெறும் உடலுழைப்பாகவே கணக்கிடுவது பொருந்தாது.

இருள் பிரியுமுன் மரம் வெட்டியதற்கும் காரணமுண்டு. அவ்வேளையில் இலைகள் நீரை இழப்பது குறைவாதலால் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். சில மணி நேரத்தில் ஓட்டம் நிற்பதோ மரத்தின் தற்காப்பு: பாலிலுள்ள லூட்டாய்டு என்னும் நுண்பைகள் உடைந்து, துகள்களைத் திரளச்செய்து, வெட்டுவாயை அடைக்கின்றன.

ஆலையில் இதே விதி இருவழியாகப் பயன்படுகிறது. தகடு செய்ய வேண்டின் பார்மிக் அமிலம் சேர்த்துப் பாலை உறையவைப்பர். நீர்மமாகவே காக்க வேண்டின் அம்மோனியா சேர்ப்பர். அது நுண்ணுயிர்களை ஒடுக்கி, பாலைக் காரத்தன்மையில் நிறுத்துகிறது. அதனை மையவிலக்குப் பொறியிற் சுழற்றினால் 60 விழுக்காடு ரப்பர் கொண்ட செறிபால் கிடைக்கும். கையுறைத் தொழிற்சாலையில், கால்சியம் உப்பில் தோய்த்த பீங்கான் கை அச்சு இச்செறிபாலில் மூழ்கும்போது, கால்சியம் அயனிகள் துகள்களின் மின்னேற்றத்தைத் தணிக்க, மங்கில் நேரக்கூடாதென்று அஞ்சிய அதே உறைதல் அச்சின்மீது மெல்லிய படலமாக நிகழ்கிறது.