அப்டேட் செய்தபின் காணாமல் போகும் வசதிகள்: ஸ்மார்ட் ஸ்பீக்கர் தரும் பாடம்

கம்ப்யூட்டரையும் அதனுடன் இணைந்து இயங்கும் சாதனங்களையும் புதிதாக வாங்கியவர்களுக்கு வரும் சந்தேகங்களில் இதுவும் ஒன்று. "நேற்று வரை இருந்த வசதி இன்று இல்லை. நான் எதையும் அழிக்கவில்லை. அப்டேட் மட்டும்தான் செய்தேன். எங்கே போயிற்று?" அப்டேட் என்றாலே புதிதாக ஏதோ கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் சில வேளைகளில் அது கையில் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இது எதனால் ஏற்படுகிறது, அவ்வாறு நடந்தால் என்ன செய்யலாம், முன்கூட்டியே நம்மை எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்பதை இங்கு காணலாம். எடுத்துக்காட்டாக ஸ்மார்ட் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம்.

வசதி எங்கே இருக்கிறது?

பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும் குமிழ் பெட்டியிலேயே இருக்கும். அது உடைந்தால் ஒழிய, அந்த வசதி நம்மை விட்டுப் போகாது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் அப்படி அல்ல. பார்ப்பதற்கு ஸ்பீக்கர் என்றாலும், உள்ளே அது ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதன் வசதிகள் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன.

முதலாவது, உங்கள் மொபைல் போனில் இருக்கும் அப்ளிகேஷன். ஸ்பீக்கருக்குத் திரை இல்லாததால், இதுதான் அதன் ரிமோட் கன்ட்ரோல்.

இரண்டாவது, ஸ்பீக்கருக்குள் பதியப்பட்டுள்ள சாப்ட்வேர். இதனை பெர்ம்வேர் என்பார்கள்.

மூன்றாவது, இன்டர்நெட் வழியாகத் தொடர்பு கொள்ளப்படும் நிறுவனத்தின் சர்வர். நீங்கள் குரல் மூலம் கேட்கும் பாட்டைத் தேடித் தரும் வேலையின் பெரும் பகுதி அங்குதான் நடக்கிறது.

இந்த மூன்றில் எந்த இடத்தில் மாற்றம் செய்தாலும் வசதி மறையலாம். முதல் இடத்தில் நடக்கும் மாற்றத்தை ஓரளவு நீங்கள் தடுத்து நிறுத்தலாம். இரண்டாவது இடத்தில் சில நிறுவனங்கள் மட்டுமே அந்த உரிமையை உங்களுக்குத் தருகின்றன. மூன்றாவது இடத்தில் உங்களால் எதுவும் செய்ய இயலாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2024 மே 7: சோனோஸ் சந்தித்த சிக்கல்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சோனோஸ் நிறுவனம். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2002ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், வீட்டின் பல அறைகளில் வைக்கப்பட்ட ஸ்பீக்கர்களில் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் வசதிக்காகப் பெயர் பெற்றது.

2024 மே 7 அன்று இந்நிறுவனம், முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட மொபைல் அப்ளிகேஷனை வெளியிட்டது. ஆட்டோமேட்டிக் அப்டேட் வைத்திருந்தவர்களுக்குப் பழைய அப்ளிகேஷனின் இடத்தில் இது தானாகவே வந்து அமர்ந்தது. திறந்து பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். குறிப்பிட்ட நேரத்திற்குப் பின் பாட்டை நிறுத்தும் ஸ்லீப் டைமர் இல்லை. அடுத்தடுத்துப் பாடவேண்டிய பாடல்களின் வரிசையைத் திருத்த முடியவில்லை. தங்கள் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து வைத்திருந்த பாடல்களில் தேட இயலவில்லை. பலருக்கு ஸ்பீக்கர்களே பட்டியலில் இருந்து காணாமல் போயின. ஒலியைக் கூட்டினால் தாமதமாகத்தான் கூடியது.

பார்வைத் திறன் இல்லாதவர்கள்தான் மிக அதிகம் பாதிக்கப்பட்டார்கள். போனின் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ் ஓவர் என்னும் வசதியை நம்பியே அவர்கள் அப்ளிகேஷனை இயக்கி வந்தார்கள். புதிய அப்ளிகேஷனில் அது ஒழுங்காக இயங்கவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வசதி போயிற்று என்றால், இவர்களுக்குத் தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரே ஏறக்குறையப் பயன்படாமல் போயிற்று.

2024 ஜூலை 25 அன்று நிறுவனத்தின் தலைவர் பேட்ரிக் ஸ்பென்ஸ் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில், இரண்டு புதிய சாதனங்களின் வெளியீடு தள்ளி வைக்கப்பட்டது. தவறைச் சரிசெய்ய 2 கோடி முதல் 3 கோடி டாலர் வரை செலவாகும் என்று நிறுவனமே கூறியது. அதே மாதம் சுமார் 100 ஊழியர்கள் வேலை இழந்தனர். காணாமல் போன வசதிகளில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பத் தந்துவிட்டதாக அக்டோபரில்தான் நிறுவனத்தால் சொல்ல முடிந்தது. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவியிலிருந்து விலகினார். ஓர் அப்ளிகேஷன் அப்டேட் ஒரு நிறுவனத்தை இந்த அளவுக்கு ஆட்டி வைத்தது.

பழையதையே திரும்பத் தரக் கூடாதா?

எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். அந்த நிறுவனமும் இதனை ஆராய்ந்தது. ஆனால் முடியவில்லை. மாற்றம் அப்ளிகேஷனில் மட்டும் நடந்திருக்கவில்லை. ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும் சாப்ட்வேரும், சர்வர்களும் புதிய அப்ளிகேஷனுக்கு ஏற்ப மாற்றப்பட்டிருந்தன. எனவே பழைய அப்ளிகேஷனை மீண்டும் வெளியிட்டால் சிக்கல்கள் கூடுமே தவிரக் குறையாது என்று ஸ்பென்ஸ் விளக்கினார். பூட்டை மாற்றிய பின் பழைய சாவியைத் தேடிப் பயன் இல்லை அல்லவா? மேலே நாம் பார்த்த மூன்று இடங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

வசதிகள் நீக்கப்படுவது ஏன்?

எல்லா வசதிகளும் தவறுதலாக மறைவதில்லை. காரணங்கள் பலவகை.

1. புரோகிராமைப் புதிதாக எழுதுதல்: பழைய புரோகிராமில் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்ட வசதிகள் அனைத்தையும் புதியதில் முதல் நாளே கொண்டுவருவது கடினம். சோனோஸ் விஷயத்தில் நடந்தது இதுதான்.

2. காப்புரிமை வழக்கு: 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம், சோனோஸின் ஐந்து காப்புரிமைகளை கூகுள் மீறியதாகத் தீர்ப்பளித்தது. உடனே கூகுள், ஒரு குழுவாகச் சேர்த்த ஸ்பீக்கர்களின் ஒலியை ஒரே நேரத்தில் கூட்டிக் குறைக்கும் வசதியை எடுத்துவிட்டது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே சரி செய்யும்படி கூறியது. வாங்கியவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனாலும் வசதி போயிற்று.

3. குறைவான பயன்பாடு: 2024 ஜனவரியில் கூகுள், அதிகம் பேர் பயன்படுத்தவில்லை என்று கூறி, தன் அசிஸ்டன்ட் சேவையிலிருந்து 17 வசதிகளை நீக்குவதாக அறிவித்தது. பாட்டு அல்லது ரேடியோவை அலாரமாக வைப்பது அவற்றில் ஒன்று.

4. நிறுவனத்தின் திட்டம் மாறுதல்: அமேசான் எக்கோ ஸ்பீக்கர்கள் சிலவற்றில், பேசுவதன் குரல் பதிவை நிறுவனத்திற்கு அனுப்பாமல் இருக்கும் விருப்பத் தேர்வு அமெரிக்காவில் வழங்கப்பட்டிருந்தது. 2025 மார்ச் 28 முதல் அது நீக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு வசதிகளை விரிவாக்குவதற்காக இந்த மாற்றம் என்று அமேசான் கூறியது.

வசதி காணாமல் போனால் என்ன செய்யலாம்?

முதலில் பதற்றம் வேண்டாம். கீழ்க்காணும் வழிகளை வரிசையாக முயற்சி செய்திடவும்.

1. வசதி வேறு மெனுவுக்கு இடம் மாறியிருக்கலாம். அப்ளிகேஷனின் செட்டிங்ஸ் பிரிவையும், அதில் தேடும் கட்டம் இருந்தால் அதனையும் பயன்படுத்திப் பார்க்கவும்.

2. ஸ்பீக்கரே பட்டியலில் தெரியவில்லை எனில், போனும் ஸ்பீக்கரும் ஒரே வை-பி இணைப்பில் உள்ளனவா எனப் பார்க்கவும். போனில் வி.பி.என். இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்தவும்.

3. ஐபோன் எனில், "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", "லோக்கல் நெட்வொர்க்" எனச் சென்று, அந்த அப்ளிகேஷனுக்கு அனுமதி தரப்பட்டுள்ளதா எனச் சோதிக்கவும். 2020ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் இந்த அனுமதி இல்லாத அப்ளிகேஷன், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைக் காண முடியாது.

4. ஸ்பீக்கரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் தரவும். ரௌட்டரையும் அவ்வாறே செய்திடவும்.

5. போனில் கிடைக்காத வசதி, கம்ப்யூட்டரில் கிடைக்கலாம். சோனோஸ் அப்ளிகேஷன் தடுமாறிய மாதங்களில், விண்டோஸ் மற்றும் மேக் கம்ப்யூட்டர்களுக்கான அதன் பழைய கன்ட்ரோலர் புரோகிராம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதே போல, அப்ளிகேஷனில் கிடைக்காததைக் குரல் கட்டளை மூலம் செய்ய முடிகிறதா எனவும் பார்க்கவும்.

6. இவை எதுவும் பயன் தரவில்லை எனில், நிறுவனத்தின் உதவி மையத்திற்கு எழுதவும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், ஸ்பீக்கரின் மாடல், அப்ளிகேஷனின் பதிப்பு எண், எந்த நாளிலிருந்து எந்த வசதி இல்லை என்பவற்றைக் குறிப்பிடவும்.

இரண்டு செயல்களைத் தவிர்க்கவும். ஒன்று, அவசரப்பட்டு பேக்டரி ரீசெட் செய்வது. நீக்கப்பட்ட வசதி இதனால் திரும்ப வராது. நீங்கள் அமைத்து வைத்த செட்டிங்ஸ் அனைத்தும் அழிந்துவிடும். மற்றொன்று, பழைய பதிப்பைத் தேடி, அறிமுகம் இல்லாத தளங்களில் இருந்து ஆண்ட்ராய்ட் பைலை இறக்கிப் பதிவது. அதனுடன் வைரஸ் புரோகிராமும் சேர்ந்து வரும் ஆபத்து உண்டு.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

உங்களுக்கு முக்கியமான அப்ளிகேஷனுக்கு மட்டும் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். ஆண்ட்ராய்ட் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, அந்த அப்ளிகேஷனின் பக்கத்திற்குச் செல்லவும். மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் "எனேபிள் ஆட்டோ அப்டேட்" எனக் கிடைக்கும். அதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். ஐபோனில் ஒரே ஓர் அப்ளிகேஷனுக்கு மட்டும் இப்படிச் செய்ய முடியாது. "செட்டிங்ஸ்", "ஆப்ஸ்", "ஆப் ஸ்டோர்" சென்று "ஆப் அப்டேட்ஸ்" என்பதை மொத்தமாகத்தான் நிறுத்தலாம். சற்றுப் பழைய ஐ.ஓ.எஸ். எனில் செட்டிங்ஸ் பிரிவிலேயே "ஆப் ஸ்டோர்" நேரடியாகக் கிடைக்கும்.

ஸ்பீக்கரின் பெர்ம்வேர் விஷயத்தில் நிலைமை வேறு. எக்கோ, கூகுள் நெஸ்ட் ஸ்பீக்கர்கள் இன்டர்நெட் இணைப்பில் இருக்கும்போது தாமாகவே அப்டேட் செய்துகொள்கின்றன.

அடுத்து, நீங்கள் அமைத்த அலாரங்கள், ஸ்பீக்கர் குழுக்கள், பாடல் பட்டியல்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியோ, திரையைப் படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகச் சேர்த்த பாடல்களின் நகல் ஒன்று, உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கட்டாயம் இருக்கட்டும். பெரியவர்களுக்கு மருந்து தருவதை நினைவுபடுத்தும் அலாரம் போன்றவற்றை ஸ்பீக்கரை மட்டும் நம்பி வைக்க வேண்டாம். போனில் உள்ள கடிகாரத்திலும் அதே நேரத்திற்கு ஓர் அலாரம் வைத்துவிடுங்கள். பாட்டு நின்றால் எரிச்சல்தான் வரும். மருந்து தவறினால் உடல்நலமே கெடும்.

அப்டேட் வேண்டவே வேண்டாமா?

அப்படி முடிவு எடுத்துவிட வேண்டாம். ஸ்மார்ட் ஸ்பீக்கர் எப்போதும் இன்டர்நெட்டில் இணைந்திருக்கும் சாதனம். அதில் மைக்ரோபோனும் இருக்கிறது. பாதுகாப்புக் குறைபாடுகளை அடைக்கும் பைல்களும் இதே அப்டேட்டில்தான் வருகின்றன. ஆகவே அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்துவது, காற்று வருகிறது என்று கதவைக் கழற்றி வைப்பது போலாகும்.

நடுவழி ஒன்று உண்டு. "பாதுகாப்பு", "பிழை திருத்தம்" என்ற குறிப்புடன் வரும் சிறிய அப்டேட்களை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். "முற்றிலும் புதிய வடிவம்" என்ற அறிவிப்புடன் வருவதை இரண்டு வாரங்கள் பொறுத்து, மற்றவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்தபின் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்ளிகேஷன் பக்கத்தில் "வாட்ஸ் நியூ" என்ற தலைப்பில் தரப்படும் குறிப்பையும் படியுங்கள். ஆனால் அதில் சேர்த்தவை பற்றி எழுதும் அளவுக்கு, நீக்கியவை பற்றி எழுதுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வாங்கும் முன் கேளுங்கள்

புதிதாக ஸ்பீக்கர் வாங்குபவர்கள் விலை, ஒலித்தரம் ஆகியவற்றுடன் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். இன்டர்நெட் இல்லை என்றால் இந்த ஸ்பீக்கர் என்ன செய்யும்? அப்ளிகேஷன் இல்லாமல் புளூடூத் மூலமோ கேபிள் மூலமோ இதில் பாட்டுக் கேட்க முடியுமா? ஒலியைக் கூட்டவும் நிறுத்தவும் ஸ்பீக்கரின் மேலேயே பட்டன்கள் உள்ளனவா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், நாளை எந்த அப்டேட் வந்து எதை எடுத்துச் சென்றாலும், பாட்டுக் கேட்கும் வழி ஒன்றாவது உங்கள் கையில் இருக்கும்.