வண்டி எங்கே நிற்கிறது?

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நடமாடும் சிகிச்சை வண்டி நம் கிராமத்துக்கு வருகிறது. பிள்ளையார் கோயிலுக்கு எதிரே அரசமரத்தடியில் நிற்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். அந்தச் சத்தம் ஓடையைத் தாண்டி அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நம் தெருவுக்கு வந்து சேராது. யாராவது பிள்ளைகள் ஓடிவந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

போன முறை அப்படித் தெரிந்துகொண்டு ஓடினார் நம் தெரு அக்கா ஒருவர். அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு மாதமாகப் படுக்கைதான். "கூட்டிக்கிட்டு வந்துடுங்கக்கா, பன்னெண்டு மணி வரைக்கும் இருப்போம்" என்றார் வண்டியில் வந்த பெண். "நடக்க வைக்கத்தானம்மா உங்களைத் தேடி வந்தேன். நடந்து வர்ற மாதிரி இருந்தா நான் ஏன் வர்றேன்?" என்றார் அக்கா. அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர் இல்லை.

இந்த வாரம் நாம் பேச வேண்டியது அந்த அரை கிலோமீட்டரைப் பற்றித்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு உண்மையைச் சொல்கிறது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். பட்டியல் சாதியினரில் அவர்கள் 2.45 சதவீதம், பழங்குடியினரில் 2.05 சதவீதம், மற்றவர்களில் 2.18 சதவீதம். நம் தெருக்களில்தான் விகிதம் அதிகம். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நிறைமாதம் வரை நடவுக்குப் போகும் தாய், சாரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளி, செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் தேய்ந்துபோன முதுகெலும்பு என எல்லாம் நாம் தினமும் பார்ப்பவை.

எந்த வயதுக்கு என்ன சேவை?

அரசுத் திட்டங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை வீடு தேடி வர வேண்டிய சேவைகள் இருக்கின்றன. அவை என்னென்ன என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் சிறார் நலத் திட்டம் உள்ளது. இதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளைந்த பாதம், காது கேளாமை, பேச்சு வராமை, மூளை முடக்குவாதம் போன்றவற்றைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே மாவுக்கட்டு போடத் தொடங்கினால் பெரும்பாலும் பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே பாதம் நேராகிவிடும். "வளர வளரச் சரியாகிடும்" என்று காத்திருந்தால் அந்தக் காலம் கைநழுவிப் போகும்.

பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. ஒன்றியத்தின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வர வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு தாய்க்கு அப்படி வந்தவர் கற்றுக்கொடுத்ததைப் பார்த்தோம். வாசலில் இரண்டு மூங்கில் கழிகளை இடுப்பு உயரத்துக்குக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை நடக்கப் பழக்குகிறார். செலவு ஒன்றும் இல்லை. கற்றுக்கொடுக்க ஒருவர் வந்ததுதான் பெரிது.

பெரியவர்களுக்கும் முதியவர்களுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் உள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வருவது நமக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய் தணிப்புச் சிகிச்சையும் இதே திட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகள் துறையின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்களும், சிகிச்சைக் கருவிகளோடு செல்லும் ஊர்திகளும் வந்துள்ளன.

தள்ளி நின்றால் என்ன ஆகும்?

காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டால் தீர்ந்துவிடும். இயன்முறை சிகிச்சை அப்படி இல்லை. வாரக்கணக்கில், நாள் தவறாமல் செய்தால்தான் பலன். பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்களில்தான் கைகால் அதிகம் மீளும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். இதை வீட்டாருக்குச் சொல்லித் தர யாரும் வரவில்லை என்றால், புண் அழுகிய பிறகுதான் ஆட்டோ பிடிக்கிறோம். அன்று இரண்டு பேர் கூலியும் போகிறது.

வண்டி கோயில் எதிரே நிற்பதில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே போய்த் திண்ணையில் உட்கார நம் ஆட்கள் இன்றும் தயங்குகிறார்கள். தூரம் கால்வாசி என்றால், தயக்கம் முக்கால்வாசி. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் பெயர்ப் பலகை மாறினால் போதாது, வண்டியும் உள்ளே வர வேண்டும்.

பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்க் கையில் அள்ளிக் குடித்த பிறகுதான் சவுதார் குளத்துத் தண்ணீர் நம் தண்ணீர் என்ற பேச்சே எழுந்தது. ஏட்டில் இருக்கும் உரிமையை நடந்து போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்காக நாம்தான் நடக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு பட்டியல் வேண்டும். நம் தெருவில் படுக்கையில் இருப்பவர், நடக்க முடியாதவர், பேச்சு வராத பிள்ளை, அடையாள அட்டை இல்லாதவர் என்று வீடு வீடாக எழுத வேண்டும். கல்லூரி போகும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

அடுத்தது கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பட்டியலை அங்கே கொடுத்து, 'சிகிச்சை வண்டி நம் தெருவிலும் நிற்க வேண்டும், வரும் தேதியை நம் தெருவிலும் எழுதி வைக்க வேண்டும்' என்று தீர்மானம் கேட்க வேண்டும். மனுவின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 25-வது பிரிவு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், அருகிலேயே இலவச மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ சாதியைச் சொல்லித் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். மனுவில் இவற்றைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இயன்முறை மருத்துவம், செயல்முறை மருத்துவம், பேச்சு மற்றும் கேட்டல் பயிற்சி போன்ற படிப்புகளையும் விசாரித்துப் பாருங்கள். நம் தெருவிலிருந்து ஒருவர் அந்த வண்டியில் ஏறினால், வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அக்காவின் மாமியார் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். அடுத்த கிராம சபைக்கு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைத் தனியாக அனுப்பக் கூடாது.