மடி ஆசனமாகாது: வாகனத்தில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு

கல்யாணம், ஜனாஸா என்று மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வேன் புறப்பட்டால், கைக்குழந்தை உம்மாவின் மடியில் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளை முன் ஆசனத்தில் வாப்பாவின் மடியில் இருக்கும். எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும் இது வழமையான காட்சி.

அதே வாப்பா துபாயில் கார் ஓட்டினால் இப்படிச் செய்ய முடியாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2017 முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஆசனம் கட்டாயம். மீறினால் 400 திர்ஹம் தண்டம். நம் வீதிகளில் ஓடும் கார்களில் பல வந்த ஜப்பானில் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு 2000ஆம் ஆண்டிலிருந்தே இச்சட்டம் உண்டு.

இலங்கையில் சாரதியும் முன் ஆசனப் பயணியும் ஆசனப்பட்டி அணிவது 2011 முதல் கட்டாயம். ஆனால் சிறுவர் ஆசனத்துக்குத் தேசியச் சட்டம் இல்லை என உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. பொலிஸார் தண்டம் விதிக்காததால் ஆபத்து குறைந்துவிடாது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த விசையில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. தாயும் பட்டி அணியாவிட்டால், அவரது உடலே பிள்ளையை நசுக்கிவிடும். தாயையும் பிள்ளையையும் ஒரே பட்டியில் கட்டுவதும் இதே ஆபத்துத்தான். சிறுவர் ஆசனங்கள் பிள்ளைகளின் மரணத்தை 60 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கவனிக்க வேண்டியவை:

- குறைந்தது 15 மாதம் வரை, குழந்தையின் முகம் வாகனத்தின் பின்பக்கம் பார்த்திருக்கும் ஆசனமே பொருத்தம். எயார் பேக் இயங்கும் முன் ஆசனத்தில் அதை ஒருபோதும் வைக்கக்கூடாது.
- அதன்பின் வார்ப்பட்டியுள்ள ஆசனம். வளர்ந்ததும், சுமார் 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை உயர்த்தி ஆசனம்.
- விபத்தில் சிக்கிய பழைய ஆசனத்தை வாங்க வேண்டாம்.
- சிறுவர் ஆசனம் இல்லையென்றால், தனியே அமரக்கூடிய பிள்ளையைப் பின் ஆசனத்தில் தனிப் பட்டியுடன் அமர்த்துங்கள்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் சொக்லேட், பொம்மைகளோடு ஒரு சிறுவர் ஆசனத்தையும் கொண்டுவரலாம். பிள்ளை வளர்ந்ததும், விபத்தில் படாத ஆசனத்தை உறவினருக்குக் கொடுக்கலாம். அங்கே தண்டத்துக்குப் பயந்து செய்ததை, இங்கே பிள்ளைக்காகச் செய்வோம்.