பங்சாரில் குளிர்காலம்: மழை மாதங்களில் வீட்டுத் தோட்டம்

மலேசியத் தமிழரிடம் 'தோட்டம்' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கத்தரிச் செடியோ வெண்டைச் செடியோ அல்ல, இரப்பர் மரங்கள்தாம். 'எந்தத் தோட்டத்துப் பிள்ளை?' என்று விசாரிக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்று உணவகங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்து, வீட்டு விலையைக் கேட்டாலே தலைசுற்ற வைக்கும் பங்சாரும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டமே. பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களை ஒட்டி 'பங்கே-கிரிசார்' எனப்பட்ட தோட்டமே நாளடைவில் பங்சார் ஆயிற்று என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம்.

பெரிய தோட்டங்களுக்குள் சின்னத் தோட்டங்களும் இருந்தன. லயத்து வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பந்தலில் புடலை அல்லது அவரை. இக்கட்டுரை அந்தச் சின்னத் தோட்டத்தைப் பற்றியது. குறிப்பாக, ஆண்டின் மிகக் கடினமான மாதங்களில் அதை எப்படிக் காப்பது என்பதைப் பற்றியது.

குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால் குளிர்காலத்துக்கென்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். இங்கிலாந்தில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரத்தைத் தொடுவதே அரிது. உறைபனி பட்டால் முட்டைக்கோசு இனத்துக் கீரைகள் சிலவற்றுக்கு இனிப்புக் கூடுகிறது. உறைந்துபோகாமல் தப்பிக்க அச்செடிகள் தம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. இவையெல்லாம் நமக்குக் கதை போல் இருக்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 20 நிமிடம் மட்டுமே. வெப்பமும் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனாலும் நம் நாட்டிலும் 'குளிர்காலம்' என்ற சொல் புழங்கியது உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். அதற்கு வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் 'விண்டரிங்'. துளிர் விட்டு இலை முற்றும் வரை பால் குறையும். அதற்கு முன்பே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இன்னொரு தொல்லை வந்துவிடும்: மழை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நேராக ஓடாமல் மரத்தின் மேல் பரவி வீணாகும். கோப்பையில் விழுந்ததையும் மழைநீர் அடித்துச் செல்லும். எனவே மழை பெய்த காலையில் வெட்டு இல்லை; வெட்டு இல்லாவிட்டால் அன்றைய வருமானத்தில் ஓட்டை. அத்தகைய நாள்களில் கறிச்சட்டிக்குள் என்ன விழும் என்பதைப் பின்கட்டுப் பாத்திதான் தீர்மானித்தது. வீட்டுத் தோட்டம் மிகவும் தேவைப்பட்ட மாதங்களும் அதை வளர்க்க மிகவும் சிரமமான மாதங்களும் ஒன்றாகவே அமைந்தன. இதை மனத்தில் கொண்டால்தான் நம் பாட்டிமார் எந்தச் செடியை எதற்காக வைத்தார்கள் என்பது விளங்கும்.

அவர்கள் கொண்டுவந்த விதைகளோடு ஒரு பருவக் கணக்கும் வந்தது. தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் வளர்ந்து தையில் வீடு வந்து சேரும். அங்கே மழை என்பது காத்திருந்து வரவேற்கும் விருந்தாளி. இங்கோ கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மி.மீ. மழை, சென்னையில் பெய்வது சுமார் 1,400 மி.மீ. அதுவும் நமக்கு இரண்டு உச்சங்கள்: மார்ச்-ஏப்ரல் ஒன்று, அக்டோபர்-நவம்பர் மற்றொன்று. வடகிழக்குப் பருவக்காற்றின் முழு வேகத்தையும் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்கள் தாங்கிக்கொள்ள, தித்திவாங்சா மலைத்தொடர் கிள்ளான் பள்ளத்தாக்கை ஓரளவு காக்கிறது. நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது பிற்பகல் இடிமழை. ஆனால் அந்தக் காப்பை எப்போதும் நம்பியிருக்க முடியாது என்பதை 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களை மூழ்கடித்த வெள்ளம் காட்டியது. ஆகவே ஆடிப்பட்டக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. ஜூன், ஜூலை மாதங்களின் காய்ச்சலைப் பயன்படுத்திக் காய்க்கும் செடிகளை முடித்துக்கொண்டு, மழைக்கு முன்பே பாத்தியை உயர்த்தி, கீரைக்கும் கிழங்குக்கும் மாறுவதே நம் மண்ணுக்கு ஏற்ற பட்டம் எனலாம்.

மழை செடியை என்ன செய்கிறது? இலையில் விழும் நீரைவிட வேரடியில் தேங்கும் நீரே ஆபத்து. வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கிடையே உள்ள காற்றை நீர் வெளியேற்றிவிட்டால், ஓரிரு நாள்களில் அங்கே உயிர்வளி தீர்ந்துவிடும். வேர் வேலை செய்யாததால் நீரில் நின்றபடியே செடி வாடும். வாடிய செடியைக் கண்டதும் மேலும் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. அது முடிவை விரைவுபடுத்தும். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, இடையில் வாய்க்கால் வெட்டுவதே முதல் வேலை. மழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் போய் நின்று பார்த்தால் நீர் எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்பது தெரிந்துவிடும். வெயிலில் நின்று அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது சேதம் கண்ணுக்குத் தெரியாதது. நம் செம்மண் இயல்பாகவே புளிப்பு மண்; ஆண்டாண்டு காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. தழைச்சத்தும் அவ்வாறே. ஒரு வாரக் கனமழைக்குப் பின் கீழ் இலைகள் வெளிறி மஞ்சளாவது பெரும்பாலும் நோயல்ல, பசி. எனவே மழை மாதங்களில் எருவை மொத்தமாகக் கொட்டுவது காசைச் சாக்கடையில் விடுவதற்குச் சமம். மக்கிய கோழி எருவை வாரம் ஒரு பிடியாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. புளிப்பை முறிக்கக் கடைகளில் 'ஜி.எம்.எல்.' என்ற பெயரில் விற்கும் சுண்ணாம்புத் தூள் போதும். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலந்து போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு வார இடைவெளி வேண்டும்.

லயத்து வீடுகளில் யாரும் ஜி.எம்.எல். வாங்கவில்லை. விறகடுப்புச் சாம்பலைத் தினமும் செடிக்குத் தூவினார்கள். சாம்பல் புளிப்பை முறிக்கும். சாம்பல் சத்தும் தரும். பூச்சிக்காகத் தூவுவதாகவே பலர் சொல்வார்கள்; மண்ணுக்கும் அதுவே மருந்தாக இருந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் அந்த வழக்கம் நின்றது. சாம்பல் நின்ற இடத்தில் வேறொன்றும் வராததால்தான், 'அம்மா வைத்தால் காய்த்த கத்தரி நான் வைத்தால் காய்க்கவில்லை' என்று பலர் கைராசியின் மேல் பழிபோடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் இம்மாதங்களில் பொதுவான எதிரி பாக்டீரியா வாடல் நோய். முதல் நாள் பச்சைப் பசேலென்று நின்ற செடி மறுநாள் நண்பகலில் துவண்டு தொங்கும். இலை மஞ்சளாவதுகூட இல்லை. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டின் அடிப்பகுதியை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூலிழை இறங்கினால் இந்த நோயேதான். மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் அம்மூன்றையும் நீண்ட நாள் வைக்காமல், கீரையோ பயற்றங்காயோ போட வேண்டும். இதற்கு மாற்றுவழி நம் வேலியோரத்திலேயே முளைக்கிறது. சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்நோயைப் பெரிதும் தாங்கும். அதன் அடித்தண்டில் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டுக்கட்டும் முறை பல வெப்ப நாடுகளில் கையாளப்படுகிறது. வற்றல் குழம்போடு நாம் நிறுத்திக்கொண்ட செடிக்கு இப்படியொரு பயன்!

காய்க்கும் கொடிகளில் மழையின் விளைவு வேறு. பூசணிப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். நம் மழை பெரும்பாலும் பிற்பகலில் என்பதால் அது தப்பித்துக்கொள்ளும். பீர்க்கம்பூ மாலையிலும் புடலம்பூ இரவிலும் மலர்பவை. பிற்பகலில் தொடங்கிய மழை இரவுவரை நீண்டால் அந்துப்பூச்சிகள் வராது. பிஞ்சு பிடிக்காமல் வெம்பி விழும். உரம் போதவில்லை என்று நினைப்போம். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. பிஞ்சு போன்ற தடிப்பு அடியில் இருப்பதே பெண் பூ. மழை விட்ட இரவில் கைவிளக்கோடு போய்ச் செய்யலாம். அதே நடையில் நத்தையையும் பொறுக்கிவிடலாம். அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். கீரையையும் நன்றாகக் கழுவிச் சமைத்தே உண்ண வேண்டும்.

அப்படியானால் மழையில் எதை நம்புவது? கங்கோங், வல்லாரை, பசலை, பொன்னாங்கண்ணி, சேம்பு ஆகியவை ஈரத்தை விரும்புபவை. 'சாயூர் மானிஸ்' என்று நாம் சந்தையில் வாங்கும் தவசிக்கீரையைக் குச்சியாக ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். (அதையும் வேகவைத்தே சாப்பிட வேண்டும், 1990களில் தைவானில் உடல் மெலிவதற்காக அதைப் பச்சையாக அரைத்து அளவின்றிக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டது.) மரவள்ளி நீர் தேங்காத மேட்டில் நன்றாக வரும், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்நாட்டு மக்களின் வயிற்றை நிரப்பியது அதுதான். முருங்கை மழையில் காய்க்காது, பூ உதிர்ந்துவிடும். ஆனால் தழை குறையாது. அதனால்தான் தோட்டத்து வீடுகளில் முருங்கைக்காயைவிட முருங்கைக்கீரை அதிகம் சமைக்கப்பட்டது போலும். கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் இந்த மாதங்களில் அழுகும். கூரைக்கடியில் தட்டில் வளர்த்தால் உண்டு. முட்டைக்கோசைக் கேமரன் மலைக்கே விட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் அடிப்படை நிலம். லயங்களிலிருந்து வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது நாம் இழந்தவற்றில் அந்த நான்கு பாத்தியும் ஒன்று. இழப்பீட்டுக் கணக்கில் அதற்கு விலை போட்டவர் யார்? இந்நிலையில் பங்சாரிலேயே ஒரு முயற்சி கவனத்துக்குரியது. புக்கிட் பண்டாராயாவில் உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில், ஏறக்குறைய 8 ஏக்கர் சரிவு நிலத்தில், 'கெபுன்-கெபுன் பங்சார்' என்ற சமூகத் தோட்டம் 2017-இல் உருவாயிற்று. நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று தொடங்க, தன்னார்வலர்கள் கூடிப் பயிரிட்டார்கள். விளைச்சலில் ஒரு பகுதி ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குப் போகிறது. அங்கே வளர்த்த ஆடுமாடுகள், வந்துபோகும் வாகனங்கள் குறித்து அக்கம்பக்கத்தார் சிலர் புகார் செய்தனர். 2021-இல் இடத்தைக் காலி செய்யுமாறு அறிவிப்பு வந்தது. பலர் தோட்டத்துக்காகக் குரல் கொடுத்தனர். அதன் பிறகும் தோட்டம் தொடர்ந்தது. பக்கத்தில் குடியிருப்பவர்களின் கவலையை அற்பமென்று தள்ள முடியாது. ஆனால் மின்கம்பிக்கு அடியில் வீடு கட்ட முடியாது, உயர்ந்த மரமும் வளர்க்க முடியாது; கீரைக்கும் கிழங்குக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் நகரில் எங்கே கிடைக்கும்?

சரிவு நிலத்தில் மழைக்காலத்தின் முதல் விதி, மண்ணை வெறுமையாக விடாதிருப்பது. படிப்படியாகப் பாத்தி வெட்டி, விளிம்பில் செரையையோ வெட்டிவேரையோ வரிசையாக நட வேண்டும். வெட்டிவேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டர்வரைகூட நேரே கீழிறங்கும். நம் நாட்டு நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் அதை நட்டிருக்கிறார்கள். உலகெங்கும் பொறியியலாளர்கள் 'வெட்டிவர்' என்று சொல்லும் பெயர் தமிழ்ச் சொல்லே.

மாடி வீட்டிலும் விடுதி அறையிலும் இருப்பவர்களுக்குத் தொட்டிதான் நிலம். தொட்டியின் அடியில் கல்லையோ ஓட்டுத் துண்டையோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குள் நீர் எளிதில் இறங்காது; கல்லடுக்குக்கு மேலேயே தேங்கி, வேருக்கு உள்ள இடத்தைக் குறைக்கும். தொட்டி முழுவதும் தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணை நிரப்பி, துளை அடைபடாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் போதும். அடித்தட்டை மழை மாதங்களில் எடுத்துவிடுங்கள். அதில் நிற்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே எடுக்க விரும்புகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் விரல் நீளக் கிழங்கை அகலமான தொட்டியில் புதைக்க வேண்டும். அக்டோபருக்குள் இலை இடுப்பளவு உயர்ந்திருக்கும். அதிலிருந்து ஜனவரி வரை அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை அநேகமாக இராது. மழை வலுக்கும் வாரங்களில் தொட்டியைச் சுவரோரம், கூரை நிழலுக்குள் அரையடி தள்ளி வைத்தால் கிழங்கு அழுகாமல் பொங்கல்வரை வரும்.